இடம்: தெரியவில்லை

ஓய்வுபெறும் பேராசிரியர் பற்றி
விழா மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமாம்.
துறை அலுவலகத்தில் இருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால்
படிவம் என் மேசைக்கு வந்தது.
பெயர், பணி, கற்பித்தல், ஆர்வங்கள்.
வெள்ளிக்கிழமைக்குள்.

பெயர் ஹெல்துர் லானெமே.
அதில் சிக்கலில்லை.

பணி:
அறையளவு இயந்திரத்துக்கு
அட்டையில் துளையிட்டுத் தீனி போட்ட காலத்தில்
தார்த்துவுக்கு வந்தார்.
மிஞ்சிய அட்டைகளை இன்றும் வைத்திருக்கிறார்,
பின்பக்கத்தில் கடைக்கான குறிப்பு எழுத.
பால், கம்பு ரொட்டி, பூனைக்கு மீன்.
நாடு கைமாறியது, பணம் இரண்டு முறை மாறியது,
அறை எண் மாறவில்லை: முந்நூற்றுப் பதினேழு.

தொண்ணூற்று நாலில் ஒரு பூட்டு செய்தார்.
இரும்பில் அல்ல, பகா எண்களில்.
உலகின் எல்லாக் கணினிகளும் கூடி முயன்றாலும்
திறப்பதற்குள் சூரியன் அணைந்துவிடும் என்றார்கள்.
ஒரு வங்கி அதை வாங்கியது.
அவர் ஒரு படகு வாங்கினார்;
முதல் கோடையிலேயே ஒழுகியது.

பத்தொன்பது வருடம் கழித்து
ஆயெத் குர்வித்ஸ் என்ற இரண்டாமாண்டு மாணவி
ஒரு செவ்வாய் இரவு, மடிக்கணினியில்,
நாற்பது நிமிடத்தில் திறந்துவிட்டாள்.
காலையில் என்னிடம்தான் முதலில் வந்தாள்.
"அவரிடம் இதை எப்படிச் சொல்வது?"
களவாடியவள் முகம்.
காபி கொடுத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு.

பத்து மணி வகுப்பில்
சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு
இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தார்.
குறிப்பெடுத்தார்.
ஒருமுறை கை தூக்கி
"அந்த நான்காம் வரி, இன்னொரு தடவை" என்றார்.
மதியம் சாப்பிட வரவில்லை.
ஜன்னலருகே நின்றிருந்தார்,
ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்க்கொண்டிருந்தது.
மறுநாளிலிருந்து பூட்டு செய்வதை விட்டார்,
உடைப்பவர்களோடு சேர்ந்துகொண்டார்.
சிரிக்கவே அதன் பிறகுதான் தொடங்கினார் என்பது என் கணக்கு.
மலரில் போட முடியாது.

கற்பித்தல்:
வருடா வருடம் முதல் வகுப்பில் ஒரே வாக்கியம்.
கதவு திறந்திருந்தால் என் மேசைவரை கேட்கும்.
"பூட்டு உடைவது அபூர்வம்.
சாவி வைத்திருப்பவருக்குத் தும்மல் வருவது வழக்கம்."
பிள்ளைகள் சிரிப்பார்கள், எழுதிக்கொள்ள மாட்டார்கள்.
தேர்வில் அதுதான் முதல் கேள்வி.

ஆர்வங்கள்:
கேட்டேன். ஒற்றைச் சொல்லில் பதில்: காளான்.
எங்கே என்று கேட்பது இந்த நாட்டில் மரியாதையில்லை.
சம்பளம் கேட்கலாம், மணமுறிவுக்குக் காரணம் கேட்கலாம்.
காளான் முளைக்கும் இடத்தை
மரணப்படுக்கையில்தான் சொல்வார்கள்,
அதுவும் காதும் காதும் வைத்தாற்போல்.
துணைவேந்தர் ஒருமுறை கேட்டதற்கு
"காட்டில்" என்றார்.

ஆனால் எனக்குத் தெரியும்.
பதினோரு வருடம் முன்பு, ஆகஸ்டில்,
அக்கா வீட்டுக்குப் போகும் பேருந்திலிருந்து
ஒரு நிறுத்தத்தின் பின்னால்
பிர்ச் மரத்தில் சாய்த்திருந்த அவர் சைக்கிளைப் பார்த்தேன்.
சிவப்பு மணி. கூடை கட்டும் கயிறு.
நிறுத்தத்தின் பெயரை உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

அவர் சனிக்கிழமை போவார். நான் வியாழன்.
பாசிக்குள் மஞ்சள் மஞ்சளாய்,
யாரோ பொத்தான் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி.
கணவரிடம்கூடச் சந்தையில் வாங்கியதாகத்தான் சொல்வேன்.

போன வருடம் ஒரு வியாழன்
எல்லாம் அறுபட்டுக் கிடந்தது காடு.
பெரியதாய் மூன்று மட்டும் மிச்சம்,
ஒரே நேர்கோட்டில்.
தற்செயலாக இருக்கலாம்.
தற்செயல் என்று நிரூபிப்பதைவிடக் கடினம் எதுவுமில்லை
என்பதும் முந்நூற்றுப் பதினேழிலிருந்து
என் மேசைவரை கேட்டதுதான்.
அறுத்துக்கொண்டு வந்து
வெண்ணெயில் வதக்கினேன்.

படிவத்தில் எழுதுகிறேன்:
காளான் சேகரிப்பு.
இடம்: தெரியவில்லை.

மூக்கு நமநமக்கிறது.
அடக்கிக்கொள்கிறேன்.