பொறுப்பு

ஜெர்மனியிலிருந்து வந்த கடிதம் ஒன்பது பக்கம்.
கைபேசியால் படமெடுத்தால் தமிழாகிவிடும் என்று
சந்திரமதியிடம் நான்தான் சொல்லியிருந்தேன்.
கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு மேலே
என் ஜெராக்ஸ் கடையில் அன்றைக்குக் கரண்ட் இருந்தது.
வேறு நல்ல சகுனம் எதுவும் இல்லை.

கைபேசியின் தமிழ் ஒரு மாதிரி.
'உங்கள் விண்ணப்பம் அனுமதிக்க இயலாதது.
பொறுப்பு இத்தாலி ஆகும்.'

அவள் சிரித்துவிட்டாள்.
"லயத்துல எல்லாரும் அவரைப்
பொறுப்பில்லாத மனுசன்னு சொல்லுவாங்க.
இப்ப ஒரு நாடே பொறுப்பா?"

அந்தப் பொறுப்பு இல்லை என்றேன்.
றெஜினோல்ட் சொல்வதைக் கேட்டு
உண்டு, இல்லை என்று தீர்ப்பது யார், அதுதான்.
படகிலிருந்து இறக்கி, கம்பளி போர்த்தி,
கண்ணாடித் தட்டில் பத்து விரலையும் வைக்கச் சொன்னார்களே,
அந்த நாடு.
அப்புறம் எந்த ரயிலில் ஏறி எந்த ஊரில் இறங்கினாலும்
விரல் முன்னாடி போய் நிற்கும்.

"அவரோட அண்ணன் ஜெர்மனியிலதானே இருக்காரு?"

நாலாம் பக்கத்தில் அதற்கும் பதில் இருந்தது.
மனைவியோ சின்னப் பிள்ளையோ அங்கே இருந்தால் கணக்கு.
அண்ணன் கணக்கில்லை.
கோத்தகிரியில் இருக்கிற மனைவி
எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஏன் வந்தார்னு எங்க எழுதியிருக்கு, என்றாள்.
தேடினேன்.
எந்த வழியாக, எந்தத் தேதியில், யார் கொடுத்த காசில்,
வழியில் எங்கே தூங்கினார் என்பது வரை இருந்தது.
காரணத்துக்கு இன்னும் முறை வரவில்லை.
அது இத்தாலி கேட்கவேண்டிய கேள்வி.

"இத்தாலி என்ன சொல்லிச்சு?"
ஒன்றும் சொல்லவில்லை.
குறித்த நாளுக்குள் பதில் போடாவிட்டால்
ஏற்றுக்கொண்டதாக அர்த்தமாம்.
"மௌனம் சம்மதம்.
என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும்
இதத்தான் சொன்னாங்க.
நான் பயந்துபோய் நின்னுட்டிருந்தேன்."

அவள் அப்பா ஹட்டனில் பிறந்தவர்.
இரண்டு அரசும் உட்கார்ந்து
இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை எனக்கு,
மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தபோது
பத்து வருசம் அந்த மிச்சத்தில் இருந்தவர்.
இதை அவள் சொல்லவில்லை.
வாரிசுச் சான்றிதழுக்காக அவர் தாள்களை
நகலெடுத்தபோது நான் படித்தது.
நகலெடுக்கிறவன் படிக்கக் கூடாது. படித்துவிட்டேன்.

காற்று ஷட்டரை ஆட்டியது. ஆடி மாதம்.
அவள் வலது கையை விரித்துப் பார்த்தாள்.
கொழுந்துக் கறை ஏறிய விரல்கள்,
நுனியில் கோடுகள் தேய்ந்து வழவழத்துக் கிடந்தன.
"ரேஷன் கடையில மூணு தடவை வச்சாலும்
சிவப்பு லைட்டுதான் எரியுது.
மகனைக் கூட்டிட்டு வாங்கறான்.
அவரு இந்த விரலை..."
முடிக்கவில்லை.

ஒன்பதாம் பக்கம், பொடி எழுத்து:
ஆறு மாதத்துக்குள் அவரை அனுப்பாமல் போனால்
பொறுப்பு ஜெர்மனிக்கே திரும்பும்.
ஓடி ஒளிந்தால் கெடு நீளும்.
ஆக, இருக்கிற இடத்திலேயே இருக்கவேண்டும்,
அவர்கள் மறக்கவும் வேண்டும்.

இரண்டு நகல் கேட்டாள். முப்பத்தாறு ரூபாய்.
தாள்களைப் பாலிதீன் பையில் போட்டு
ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டவள்
போகிற வழியில் நின்று
சுவரிலிருந்த தேதிக் காலண்டரில்
இன்றைய தாளைக் கிழித்தாள்.
மணி நாலுகூட ஆகவில்லை.
என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு
நாளையையும் சேர்த்துக் கிழித்தாள்.

நான் எதையும் ஒட்டவில்லை.
என் கடை அந்த வாரம் முழுக்க
ஊருக்கு ஒரு நாள் முன்னாலேயே திறந்திருந்தது.