பதினாறு பூஜ்யம்

நாற்பத்தொரு ஜிபி.
மழை வடிந்த மூன்றாம் நாள் டிரோன் எடுத்த படங்கள்:
கோரையாற்றின் இரு கரை, மூழ்கிய சம்பா,
வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாத பழுப்பு.
திங்கள் காலை பத்துக்குள்
பதினாறு ஊர்க் கணினிகளில் இருந்தாக வேண்டும்.

மன்னார்குடியில் என்னிடம் இருப்பது ஒரே லைன்.
பதினாறு பேரும் என்னிடமே இழுத்தால்
வடுவூர் குடித்துவிட்டுத் தூங்கும்,
வேதாரண்யத்துக்கு ஈரம்கூடப் போகாது.
துண்டு துண்டாக்குவோம்,
வாங்கியவர் வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுக்கட்டும்.
இதுவரை சிக்கலில்லை.
எந்தக் கருவி என்பதில்தான் சனிக்கிழமை இரவு போயிற்று.

முதலாவது அழகு.
பச்சைக் கோடு, சுழலும் வட்டம், ஓரத்தில் ரம்மி விளம்பரம்.
ஒவ்வொன்றுக்கும் 'சரி' அமுக்க ஓர் ஆள் வேண்டும்.
தலைஞாயிறு அலுவலகத்தில் இரவு இரண்டு மணிக்கு
இருப்பது ஒரு பல்லி.

இரண்டாவது தன்னைக் கமாண்ட் லைன் என்றுதான் சொல்லிக்கொண்டது.
திரை முழுக்க வரைந்துவிட்டு
ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டு என்று காத்திருந்தது.
ஸ்கிரிப்டுக்கு விரல் ஏது?

மூன்றாவது பின்னணியில் ஓடும்.
வேலை கொடுத்தால் பெற்றுக்கொண்டேன் என்கிறது.
முடிந்ததா என்றால், வேறிடத்தில் விசாரி.
தாலுகா ஆபீஸ் பழகிய எனக்கு அது புதிதில்லை.
வேண்டாம்.

நான்காவதுக்கு முகமே இல்லை.
ஒரு வரி:
எதை, எங்கே வைக்க, எந்த வேகத்துக்கு மேல் போகாமல்.
நானே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், நான்கு முறை.
கரண்ட் வந்ததும், கையிலிருப்பதை முதலில் எண்ணிச் சரிபார்த்து
விட்ட துண்டிலிருந்து தொடங்கியது.
முடிந்தால் ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும்.
பூஜ்யம் என்றால் எல்லாம் நலம்.
வேறு எந்த எண்ணும் ஏதோ ஒரு கோளாறு.

ஒரே குறை,
தன் பங்கு நிறைந்ததும் இலையை மடித்து எழுந்துவிடுகிறது.
கையேட்டில் எங்கோ கீழே அதற்கொரு சுவிட்ச்:
வாங்கிய அளவு கொடுத்தபின் போ.
ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தேன்.
யோசித்து, ஒன்றுக்கு இரண்டு.
வேதாரண்யத்து லைன் மெலிது, பாவம்,
அவர்களுக்கு மட்டும் ஆறு மணி நேரம் இருந்தால் போதும் என்று எழுதினேன்.

ஞாயிறு இரவு பதினொன்றுக்கு ஓடவிட்டேன்.
மூன்றரைக்கு லாக்கில் ஒரு வரி:
வடுவூருக்குக் கடைசித் துண்டைக் கொடுத்தது வேதாரண்யம்.
கடைமடையிலிருந்து தலைமடைக்கு.
இரண்டு தடவை படித்தேன். தண்ணீர் இதைச் செய்ததில்லை.

விடிகையில் பதினைந்து பூஜ்யம், ஓர் ஆறு.
ஆறு, தலைஞாயிறு.
ஆரோக்கியதாஸ் லுங்கியோடு போய்
தளர்ந்திருந்த கேபிளை அழுத்தினார்.
"பல்லி நல்லாருக்கு மேடம்" என்றார்.
ஒன்பது ஐம்பதுக்கு அதுவும் பூஜ்யம்.

அப்போதுதான் வந்தார் கோட்டூர் தனுஷ்கோடி,
போன வருஷ இழப்பீட்டுப் பட்டியலின் ஜெராக்ஸோடு.
நாலு மா. பெயர் சரி, சர்வே எண் சரி.
கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து,
"இது என்னம்மா, சைபரா, ஓட்டையா?"

என் திரையில் பதினாறு வட்டங்கள்,
ஒன்றன்கீழ் ஒன்றாக.
அவரும் பார்த்தார்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு
ஸ்கிரிப்டின் கடைசி வரியைத் திருத்தினேன்.
பூஜ்யம் வந்தால் இனி
'வந்து சேர்ந்தது' என்று எழுதும்.
அவருடைய தாளை என்ன செய்வது என்று
இன்னும் தெரியவில்லை.