நாற்பத்தோராம் வரி

மூன்று போகமாய்க் கேட்டோம்.
பதினான்கு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம்.
எனக்குத் தெரிந்த மலாயில் நான்தான் எழுதினேன்,
பிழை இருந்தால் பிழைதான்:
மானியம் யார் யாருக்குப் போகிறது,
எத்தனை ரெலோங்குக்கு எத்தனை ரிங்கிட்,
பெயரோடு ஒட்டுங்கள்.

திங்கட்கிழமை ஒட்டிவிட்டார்கள்.
சுங்கை ஆச்சே சாலையோரம்
விவசாயிகள் சங்கத்துக் கண்ணாடிப் பலகைக்குள்
நான்கு தாள்.
டிங்கி சுவரொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி
இடம் செய்திருந்தார் ரொஹாயு.
போதுமா என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு
உள்ளே போனார்.

கூட்டம் என்று சொல்ல முடியாது.
ஏழெட்டு மோட்டார் சைக்கிள், எஞ்சின் அணைக்காத ஒரு லாரி,
பீசாங் கோரேங் பொட்டலத்தோடு செங்குட்டுவன்.
அவன் விரல்தான் முதலில் கண்ணாடியில் ஏறியது.

வரி வரியாக இறங்கினான்.
வரி என்றால் இரண்டும்தான்:
ஊர் கட்டியது, தாளில் ஓடுவது.

பன்னிரண்டில் நின்றான்.
நல்லபெருமாள், முப்பத்தெட்டு ரெலோங்.
பட்டர்வொர்த்தில் டயர்க்கடை.
அவர் காலைச் சேறு பார்த்து எத்தனை வருஷம்!
உழுகிறவன் யூசோப்;
குத்தகையும் கொடுத்து,
மில்லில் ஈரம் என்று நூற்றுக்கு இருபத்திரண்டு வெட்டும் கொடுத்து
மிஞ்சியதை எண்ணுகிறவன்.
அங்கேதான் நின்றான்.
தன் பெயரைத் தேடவில்லை.
நல்லபெருமாளுக்கு நேரே இருந்த தொகையை
வாய்க்குள் ஒருமுறை படித்துக்கொண்டான்.
"சொன்னேனா இல்லையா" என்றார்கள் பின்னால்.
நானும் சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

விரல் இறங்கியது.
முப்பத்தொன்பது. நாற்பது.

அங்கமுத்து ஏ/எல் வீராசாமி.
நான்கு ரெலோங். உர மூட்டை பன்னிரண்டு.
ஆயிரத்து எழுநூற்று அறுபது ரிங்கிட்.

அப்பா போனது
முந்தின வருஷத் தைப்பூசத்துக்கு மறுநாள்.
பெட்டியின் முன்பக்கம் பிடித்தவன்
இதே செங்குட்டுவன்.

யாரும் பேசவில்லை.
லாரி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

சொல்லலாம்.
நிலம் இன்னும் அப்பா பெயரில்.
நில அலுவலகம் ஐந்து பிள்ளைகளின் கையெழுத்தைக் கேட்கிறது;
ஒருத்தர் ஜொகூரில், ஒருத்தரோடு பேச்சில்லை.
நாற்று விட்டது நான், நத்தை பொறுக்கியது நான்.
தாளில் அதற்குக் கட்டமில்லை.
பெயர், லாட் எண், ரெலோங், ரிங்கிட்.
குனிந்தது யார் என்று கேட்கும் கட்டத்தை
எவரும் அச்சடித்ததில்லை.

இதையும் சொல்லலாம்:
வங்கி அட்டை என் பர்சில் இருக்கிறது.
ரகசிய எண் அப்பா பிறந்த வருஷம்.
நான்கு போகமாய் அதை அழுத்தும்போதெல்லாம்
உழைத்த காசுதானே என்று நினைத்தேன்.
நல்லபெருமாளும்
ஏதாவது ஒன்று நினைத்திருப்பார்.

செங்குட்டுவன் விரலை எடுத்துக்கொண்டான்.
"வெயில் அடிக்குதுக்கா, எழுத்தே தெரியலே."
பொய் சொல்லத் தெரியாத பையன்.

துணியோடு வந்தார் ரொஹாயு.
பன்னிரண்டின்மேல் ஒரு கறை,
நாற்பத்தொன்றின்மேல் பெரிதாய் இன்னொன்று;
எண்ணெய்க்குள் அங்கமுத்து கலங்கி,
வீராசாமி பாதி மறைந்து.

மேலே உள்ளதைத் துடைத்தார்.
கீழே வரும்போது
என்னைப் பார்த்துக் கை நின்றது.

"துடைங்க" என்றேன்.
"நல்லாத் தெரியட்டும்."

பிறகு உள்ளே போய் எண் சீட்டு எடுத்தேன்.
அறுப்புக்கு இன்னும் இருபது நாள்.
எனக்கு முன்னால் ஆறு பேர்,
ஆறாவது ஆள் யூசோப்.
நகர்ந்து உட்கார்ந்து
பெஞ்சில் எனக்கு இடம் விட்டான்.