அரைப்பேர்

நல்லதண்ணியில் மை பார்க்கிறவர்
வெற்றிலைக்குத் தனி, வெளிச்சத்துக்குத் தனி என்று
காசு கேட்கிறார்.
மைக்குள் உற்றுப் பார்க்க
பத்து வயது தாண்டாத பிள்ளையொன்றும் வேண்டுமாம்.
என்னிடம் பிள்ளையில்லை.
லீவும் இல்லை.
ஆகவே சாமிமலையில், என் காம்பராவில்,
என் மையை நானே காய்ச்சினேன்.

உடைந்த கவ்வாத்துக் கத்தியைச் சுரண்டிய துரு.
அரைப் போத்தல் டஸ்ட் சாயம்
(நாங்கள் குடிக்கிற தூள், கப்பல் ஏறாதது).
ஒரு மூடி வினாகிரி.
நாலு நாள் அடுப்புக்கு மேலே.
பக்கத்துக் காம்பரா ஜெசிந்தா
"என்னக்கா, எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று
கேட்கிற அன்று
மை தயார்.

தாளுக்குப் பஞ்சமில்லை.
போன வருடத்துச் செக்ரோல்
நெத்தலி சுற்றக் கடைக்குப் போகுமுன்
ஒரு கட்டு எடுத்துவைத்திருந்தேன்.
முன்பக்கம் என் கையெழுத்து,
பின்பக்கம் ஒன்றுமில்லை.
மடித்து, விரித்து, மடிப்பில் மூன்று சொட்டு,
மறுபடி மடித்து
உள்ளங்கையால் ஒரு நீவல்.
கேள்வியை வாய்விட்டுச் சொல்லக்கூடாது.
இது நானே வைத்த விதி.

முதல் தாளில் வௌவால்.
எல்லாருக்கும் முதலில் வௌவால்தான் வரும்போல.
இரண்டாவது, எக்ஸ்ரேயில் பார்த்த இடுப்பெலும்பு.
மூன்றாவதில் ஒரு கூடைக்கு மல்லுக்கட்டும் இரண்டு பெண்கள்,
இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.
நாலாவது
கொழுந்து மடுவத்துத் தராசு.
சிரிப்பு வந்தது.
என் தராசு எந்த நாளில் இப்படிச் சமமாய் நின்றது?

சாக்குக்கு ஒரு கிலோ. ஈரத்துக்கு இரண்டு.
வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்கு இரண்டு.
கழிக்கச் சொன்னது அவர்கள்,
எழுதினது நான்.
செவ்வாய்க்கிழமை யோகமலர் இருபது நிறுத்தாள்,
கழித்தால் பதினேழு,
பதினெட்டுக்கு ஒன்று குறைவு,
அரைப்பேர்.
அவள் தராசைப் பார்க்கவில்லை.
என் பேனையைப் பார்த்தாள்.
கொங்காணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு
"எழுதுங்க" என்றாள்.

அந்தச் செவ்வாய்த் துண்டுதான் ஐந்தாவது தாள்.
செக்ரோலில் ஏற்றியபிறகும்
என் பையிலேயே கிடந்தது.
அவள் பேருக்கு நேரே இருந்த அரையின் மேல்
மடிப்பு விழும்படி மடித்தேன்.
இந்தப் பக்கம் ஒரு அரை,
அழுத்தினால் அந்தப் பக்கம் ஒரு அரை,
சேர்த்தால் ஒரு பேர்.
கணக்கில் நான் கெட்டிக்காரி.
அதற்காகத்தான் இந்த வேலையைத் தந்தார்கள்.

விரித்தால்
சாம்பல் நிறத்தில் ஒரு ஈரம், அவ்வளவுதான்.
ஆனி மாதத்தில் இங்கே
தலைமயிரே காயாது, மையா காயும்.
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன்.

துரு மை அப்படித்தானாம், எனக்குத் தெரியாது.
போடும்போது வெளிறிக் கிடக்கும்,
காற்றைக் குடித்துக் குடித்துக் கறுக்கும்.
வெள்ளிக்கிழமை எடுத்தால்
வௌவாலுமில்லை, பெண்களுமில்லை.
பேனை மை கரைந்து ஒட்டி
யோகமலர் நேராக ஒருமுறை,
கண்ணாடிக்குள் நிற்கிற மாதிரி ஒருமுறை.
அரை இருந்த இடத்தை
ஈரம் தின்றிருந்தது.
ஓட்டையில் கண்ணை வைத்தேன்.
ஜெசிந்தா வீட்டுப் பல்பும்
அதில் முட்டுகிற ஈசலும் தெரிந்தன.
இதற்கு என்ன பலன் சொல்வது?

சனிக்கிழமை. மழையில்லை.
யோகமலர் சாக்கைக் கொக்கியில் மாட்டுகிறாள்.
பேனையை எடுக்கிறேன்.
சவுக்காரத்துக்கும் போகாத கறை
என் விரல் நுனிகளில்.
"கையில என்னாங்க?"
"மை."
"எழுதுற மையா, பாக்குற மையா?"

பின்னால் வரிசை நெருக்குகிறது.
முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது,
பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவே.