கோமளாவுக்குப் பதில்

குரல் செய்தியில் கேட்டிருந்தாய்,
"அக்கா, பிள்ளை பிறக்குமுன்னே என்னென்ன வாங்கி வைக்கணும்?"
நாலு நாளாகப் பதில் போடவில்லை.
இப்போதும் ஒரு கையால்தான் எழுதுகிறேன்.
மற்றதில் அவள்.

தள்ளுவண்டி வாங்காதே.
முந்நூற்றுத் தொண்ணூறு வெள்ளி,
கையுறை ஆலைத் தோழிகள் காசு சேர்த்து எடுத்தது.
லயத்துச் செம்மண்ணில் பத்தடி போனதும்
முன்சக்கரம் ஒரு சரளைக்கல்லைக் கவ்விக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
இப்போது லிம் கடையிலிருந்து அதில் கேஸ் தோம்பு வருகிறது,
குடை விரித்து, ராஜகுமாரி மாதிரி.

வாத்து முகம் வைத்த குளியல் தொட்டி
கூரை ஒழுகும் இடத்தில் இருக்கிறது.
பிள்ளையைக் குளிப்பாட்டுவது சட்டி கழுவும் தொட்டியில்.
அது இடுப்புயரம்.
தையல் போட்ட வயிற்றோடு குனிய முடியாது என்று
எந்தக் கடைக்காரியும் உனக்குச் சொல்லமாட்டாள்.

தொட்டில் ஸ்பிரிங்கை
ஏழாம் மாதமே உத்தரத்தில் மாட்டிவிட்டார் தினகரன்.
வீட்டுக்கு வந்த தாதி நிமிர்ந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஏணி எங்கே என்று மட்டும் கேட்டாள்.

லம்பின் துணி வாங்கு, இரண்டு டஜன்.
பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு ஆறு.
எதற்கு என்று கேட்காதே,
எல்லாவற்றுக்கும்,
ஒருநாள் நானே ஒன்றில் முகம் பொத்தி அழுதேன்,
காரணம் இல்லாமல், சோறு வேகும் நேரத்தில்.

அப்புறம் ஒரு கைவிளக்கு.
தினகரன் செம்பனை லோரிக்கடியில் படுத்துப் பார்க்கும் விளக்குதான்.
ஆறாம் நாள், விடியற்காலை மூன்று மணி.
பால் வேண்டாம் என்றாள், அழுகையும் நின்றிருந்தது.
வெளிச்சத்தைச் சுவரில் அடித்து
சுவர் திருப்பித் தந்ததில் கண்ணைப் பார்த்தோம்.
மூக்கு நுனியை அழுத்தி எடுத்தார்.
விரல் இருந்த இடம்
செம்பனைப் பழத்தைக் கீறினால் தெரியும் நிறம்.

குழந்தையின் சத்தம் கேட்க ஒரு கருவி விற்கிறார்கள்,
நூற்று எண்பது வெள்ளி.
எங்கள் லயத்துப் பலகைச் சுவர்
கூரை வரை போகாது, தெரியுமல்லவா?
ஐந்து நாளாகத் தூங்கவிடாத அழுகை
திடீரென்று நின்றதைக் கேட்டு
காக் ரொப்பியா எழுந்துவிட்டார்.
நாங்கள் தட்டப்போன கதவைத் திறந்து
கார் சாவியோடு நின்றார்,
தூங்கும் சாரோங்கோடு.

தஞ்சோங் காராங்கில் நீல விளக்கின் கீழ் இரண்டு இரவு.
கண்ணில் ஒரு கட்டு, இடுப்பில் டயப்பர்,
கையில் பட்டை: யோகேஸ்வரியின் குழந்தை.
அவ்வளவுதான் அவள் சொத்து.
பெயர்கூட இன்னும் வைக்கவில்லை.

என்னிடம் இருந்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு.
அதைக் கட்டாயம் வாங்கு. பேனாவைக் கயிற்றால் கட்டிவிடு.
3.10, இடது, எட்டு நிமிடம், தூங்கிவிட்டாள்.
3.55, எழுப்பினேன், குடிக்கவில்லை.
4.20, ஈரம். கடவுளே, ஈரம்.
நான் எழுதியதிலேயே நீளமான புத்தகம் அது.
டாக்டர் ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

நீ கேட்ட பட்டியல் இது இல்லை, தெரியும்.
உன்னுடையது புதுத் தாமான், சிமெண்டுச் சுவர்,
கதவைச் சாத்தினால் யாருக்கும் ஒன்றும் கேட்காது.
நல்லதுதான்.
ஆனாலும் இந்த வாரம் ஒரு தட்டு கேசரி கிண்டி
பக்கத்து வீட்டு மணியை அடி.
கார் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடாதே.

சனிக்கிழமை வா.
உங்கள் பக்கம் தார் ரோடு, தள்ளுவண்டி ஓடும்.
தோம்பை இறக்கித் துடைத்து வைக்கிறேன்.

விழித்துவிட்டாள்.
2.40, வலது.