மீற்றர் கத்தாத இரவு

பொகவந்தலாவையில் மழை விட்டபாடில்லை.
காம்பரா ஜன்னலை ஒரு சாண் திறந்தேன்,
ஈயப்புகை போகட்டும்;
குளிர் வந்தால் வரட்டும்.
கம்பளிச் சட்டையையும் கழற்றியாயிற்று.
ஈரக்காற்றில் பொறி பறக்காதுதான்,
என்றாலும் எதற்கு வம்பு.

அரிசிக் குருணையிலும் சிறிய கெப்பாசிட்டர்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
முனையால் தொட்டு,
மூன்று எண்ணுமுன் எடுத்தேன்.
ஈயம் ஒருகணம் மினுங்கி அடங்கிற்று.

இனி மீற்றர்.
சிவப்பு ஊசி பொசிட்டிவ்வில், கறுப்பு நெகட்டிவ்வில்.
கத்தினால் எங்கோ ஷோர்ட்.
கத்தினால் ஏணையில் ஜெனிற்றாவும் கத்துவாள்.

கத்தவில்லை.

விழித்தது அல்போன்ஸ்தான்.
"சரியா?"
"இன்னும் கரண்ட் குடுக்கல்ல."
"அத விடிஞ்சு பாக்கலாம்.
சவுக்காரம் போட்டு நல்லா கை கழுவு,
புள்ளைக்குப் பால் குடுக்க முந்தி."