இருள் மின்னோட்டம்

புல்மோட்டையிலிருந்து
மாட்டிறைச்சி கட்டுகிற பையில் வந்தது கறுப்பு மணல்.
கொண்டுவந்த மச்சான் நௌசாத் கேட்டான்:
"இதை அள்ளவா கம்பஸ் போனாய்?"

அமிலத்தில் அவித்தேன், கழுவினேன்,
திரும்பவும் அவித்தேன்.
பதினேழாம் நாள் கறுப்பு விட்டுக்கொடுத்தது.
வெள்ளைத் தூள், அரைத் தேக்கரண்டி.
ஒரு தலைமயிரின் அகலத்தில்
மூவாயிரம் துகள் நிற்கும்,
ஜமாஅத் வரிசைபோல, தோளோடு தோள்.

ஒளியை அளக்கப் போகிறவள்
முதலில் இருட்டை அளக்க வேண்டும்.
வெளிச்சமே இல்லாதபோதும்
கொஞ்சம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.
அதைக் கழிக்காமல்
எந்த வெளிச்சத்தையும் நம்பக்கூடாது.

எங்கள் இருட்டு ஒரு கிறீம் கிறாக்கர் தகரம்.
உள்ளே கறுப்புப் பெயின்ட்.
மூடியின் இடுக்கில், கிழித்து அடைத்த
என் பழைய அபாயா.
இறக்குமதிப் பெட்டிக்கு
விலைமனு போய் எட்டு மாதம்.

கோணேசபுரியில் கடல்
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான்.
உப்புக்காற்று தின்னாதது எதுவுமில்லை:
கதவுப் பிணைச்சல், தராசின் கால்,
தவநேசன் அண்ணரின் சைக்கிள் செயின்.

காலை ஏழு நாற்பதுக்கு
இருட்டுக்குள் ஒரு மேடு எழுந்தது.
நான்கு நானோ அம்பியர்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
ஈரப்பதம் என்றேன்.
ஒட்சிசன் என்றேன்.
படிகக் குறைபாடு என்று
இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன்.
பேராசிரியர் கைகுலுக்கினார்,
தேநீரும் வாங்கித் தந்தார்.

மூன்றாம் வாரம்
நேரங்களை ஓரத்தில் வரிசையாக எழுதினேன்.
ஏழு நாற்பது.
ஏழு முப்பத்தாறு.
ஏழு முப்பத்தொன்று.

அண்ணர் எட்டிப் பார்த்தார்.
"நாளுக்கு அரை நிமிசம் முந்துது, மிஸ்.
ஈரப்பதத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாது."
தகரத்தைக் கழற்றி
ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

ஊசிமுனை அளவு துரு.
அதன் வழியே வங்கக்கடல் முழுவதும்.

இரண்டு பக்கத்தையும் கிழித்தேன்.
ஆனால் அந்த வளைகோட்டின் வால்!
சூரியன் துளையை விட்டுப் போன பிறகும்
பதினொரு நிமிடம் இறங்குகிறது,
ஜும்ஆ முடிந்து
செருப்புத் தேடி நிற்கும் கூட்டம்போல
இலத்திரன்கள் கலைய மனமில்லாமல்.
மீட்சி மந்தம், இது குறைபாடு,
என்றுதான் எழுதப்போகிறார்கள் மதிப்பீட்டாளர்கள்.
சரிதான். குறைபாடுதான்.
விளக்கை நான் ஏற்றி அணைத்த நூறு தடவையிலும்
அது சொன்னது எனக்குத் தெரிந்ததையே.
யாரும் கேட்காமல் பார்த்தது
இந்த ஒன்றைத்தான்.

குறிப்பேட்டில்
பிழையின் மூலம் என்ற கட்டத்தில்
சூரியன் என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.
அண்ணர் கறுப்பு டேப் ஒட்டினார்,
இரண்டு சுற்று.

மறுநாள் ஏழு முப்பதுக்கு
திரையில் கோடு அசையாமல் கிடந்தது.
நான்தான் நிமிர்ந்து பார்த்தேன்.